வினையும் விசாரிப்பும்

வளரிளம் பருவத்தில் வரும் மனத்துயர் வினைப்பயனா, அப்படியானால் அதில் பிறர் தலையிடலாமா என்ற கேள்வி சமய நம்பிக்கை ஊறிய ஊர்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி சுற்றிய வானம் பார்த்த பூமியில், பிள்ளை சோறு தண்ணி இல்லாமல் முடங்கினால் கோடாங்கியிடம் குறி கேட்பதும் திருநீறு மந்திரிப்பதும் பழைய வழக்கம். அதில் பலருக்கு ஆறுதலும் உண்டு. ஆனால் 'முன்செய்த பாவம்' என்ற பேச்சு வந்ததும் வீடே வாய்மூடிவிடுகிறது. பெண் பிள்ளையென்றால் கல்யாணம் தடைபடும் என்ற அச்சமும் சேரும். மறைத்து வைப்பதன் எல்லை எதுவரை போகும் என்பதை 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு தீயில் மாண்ட 28 பேர் காட்டினர்.

வினைக் கொள்கையே இந்த ஒதுக்கலுக்கு இடம் தருவதில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தில் வகுத்த நெறிப்படி, அறிவை மறைக்கும் ஆணவமலம் எல்லா உயிர்களுக்கும் அநாதியானது. மாசற்றவர், மாசுற்றவர் என்று ஊரைப் பிரிக்க அதில் வழியில்லை. நோயுற்ற பிள்ளை பிராரத்தத்தை, அதாவது இப்பிறவியில் நுகரவேண்டிய பழவினையை, அனுபவிக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பிள்ளையை ஏளனம் செய்பவர் தமக்குப் புதுவினையான ஆகாமியத்தைச் சேர்த்துக்கொள்கிறார்.

ஒதுக்காமல் காத்ததற்கு இந்த மண்ணில் பிறந்தவர் வாழ்விலேயே சான்று உண்டு. திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன், பின்னாளைய ரமண மகரிஷி, 1896இல் பதினாறு வயதில் மதுரையில் திடீர் மரண பயத்துக்கு ஆளானார். அதை அப்போது வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. படிப்பில் நாட்டம் போனது, அண்ணன் கடிந்தார், செப்டம்பர் 1 அன்று அவர் திருவண்ணாமலையில் இருந்தார். அங்கே கோயிலின் பாதாள லிங்கச் சன்னிதியில் பூச்சி கடித்த புண்ணோடு தன்னை மறந்திருந்தவரை அங்கிருந்தவர்கள் வெளியே தூக்கிவந்து, வாயில் உணவிட்டுக் காத்தார்கள். அவரை நோயாளி என்பது மலிவான அறிவு; அவர் மௌனத்தைக் காட்டிப் பேச்சற்றுப்போன பிள்ளைகளையெல்லாம் விட்டுவிடுவது அதைவிடக் கேடு. காத்தவர்கள் அவர் நிலைக்குப் பெயரிட அவசரப்படவில்லை.

இளைஞர்களே முன்னின்று செய்யும் மனநலப் பணிக்கும் இதுவே இலக்கணம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 10–19 வயதில் ஏழில் ஒருவருக்கு மனநலக் குறைபாடு உண்டு. 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் கிராமத்துப் பிள்ளைகளையே சகவயதுக் கல்வியாளர்களாகப் பயிற்றுகிறது. தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'மனம்' என்னும் மனநல நல்லாதரவு மன்றம் மாணவர் தூதுவர்களை நம்புகிறது. கவனிப்பது, உட்கார்ந்து கேட்பது, பெரியவரிடம் சேர்ப்பது மட்டுமே அவர்கள் வேலை. மருத்துவர் இல்லாத குறையைப் பதினாறு வயதுத் தோளில் ஏற்றக்கூடாது.

கடினமான இடம் ரகசியம். சாக நினைக்கும் தோழி 'யாரிடமும் சொல்லாதே' என்று வாங்கிய சத்தியம் கட்டுப்படுத்துமா? அவள் நலனுக்காகக் கொடுத்த வாக்கு அவள் உயிரை விலையாகக் கேட்கும்போது செல்லாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவும் தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. எனவே சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது: அன்றே ஆசிரியரிடமோ, டெலி மானஸ் 14416 எண்ணிலோ, அவளையும் அருகில் வைத்துக்கொண்டே சொல்லலாம்.