வாதமும் விதண்டையும்

"சேர், எனக்கு இதுதான் முதல் வாக்கு. ஆனா போட மனமில்ல. ரீவியில ஒவ்வொரு நாளும் விவாதம் பாக்கிறன். மத்தவன் கள்ளன் எண்டு எல்லாரும் சொல்றாங்க. தான் என்ன செய்யப்போறன் எண்டு ஆரும் சொல்றாங்க இல்ல. எல்லாரும் கள்ளனெண்டா நான் ஆருக்குப் போடுற?"

2024 செப்டெம்பரில் நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களின் முன், படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து வந்து உயர்தர வகுப்பிற் கற்கும் மாணவன் ஒருவன் என்னிடம் இவ்வாறு கூறினான். சோம்பலால் வாக்களிக்க மறுப்பவனல்லன் அவன். நாட்டு நிலைமையை அறியும் ஆவலோடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, ஏமாற்றத்தோடு எழுந்தவன். அவனது சலிப்பை இளைஞரின் பொறுப்பின்மையென்று தள்ளிவிடுதல் நேர்மையாகாது.

அரசியலிற் பிறரைக் குறை கூறுதல் தவறா? தவறன்று. 2022 இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்களுக்கு, அந்நிலையை உண்டாக்கியவர் யாரென அறியும் உரிமை உண்டு. அப்பொருளாதார வீழ்ச்சிக்கு ராஜபக்ஷ சகோதரர் உள்ளிட்ட ஆட்சியாளர் பொறுப்பாளிகளென 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே குற்றச்சாட்டு இருந்தது, சான்று இருந்தது, மறுமொழி கூற இடமும் இருந்தது. அத்தகைய குற்றங்கூறல் இன்றிக் குடியாட்சி வாழாது. பிறரை இகழலாகாது என்னும் போலி நாகரிகம், கொள்ளையிட்டவனுக்கே அரணாய் அமையும்.

அவ்வாறாயின் மாணவனை வருத்தியது எது? பண்டை நியாய நூலார் சொற்போரை மூவகையாகப் பிரித்தனர். உண்மை காணும் பொருட்டு இருவரும் தத்தம் கொள்கையை நாட்டி உரையாடுவது வாதம். வெற்றி ஒன்றையே குறியாகக் கொண்டு பேசுவது ஜல்பம். தனக்கென ஒரு கொள்கையையும் நாட்டாது, எதிரியின் கூற்றை உடைப்பதையே தொழிலாகக் கொள்வது விதண்டை. 'விதண்டாவாதம்' என நாம் அன்றாடம் வழங்கும் சொல் இதன்வழி வந்ததே. விதண்டை பேசுவோனின் குற்றம் கடுஞ்சொல் அன்று. தன் சொல்லுக்குத் தான் பிணை நில்லாமையே அவன் குற்றம். எதையும் நாட்டாதவனை நாளை எதற்கும் பொறுப்பாளியாக்க முடியாதல்லவா?

2019 இல் ஜனாதிபதி வேட்பாளர்களை ஒரே மேடையில் அமர்த்தி விவாதிக்கச் செய்யும் முயற்சி நடந்தது. அத்தேர்தலில் பின்னர் வெற்றி பெற்ற கோட்டாபய ராஜபக்ஷ அம்மேடைக்கு வரவேயில்லை. 2024 இல் சஜித் பிரேமதாசவும் அநுர குமார திசாநாயக்கவும் நேருக்கு நேர் விவாதிப்பரெனப் பல வாரங்கள் பேசப்பட்டது. நாள் குறிப்பதிலேயே இரு கட்சிகளும் சச்சரவிட்டன. அவ்விவாதம் நடைபெறாமற் போயிற்று. விவாதத்துக்கு அஞ்சியவன் யார் என்பதே விவாதப் பொருளாயிற்று!

இதனால் இலாபம் அடைவோர் யார்? 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு இணங்கியது. அதற்கான நிபந்தனைகளின் சுமையை உழைப்பவன் தாங்குவதா, உடைமையாளன் தாங்குவதா? எம் மாவட்டத்து மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரையை மீட்கக் கோரிப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரிற் போராட்டம் தொடங்கினர். மகாவலி அதிகாரசபையின் ஆட்சிக்குட்பட்ட அந்நிலம் எவருக்கு, எந்தச் சட்டத்தின்படி? இவ்வினாக்களுக்கு விடை கூறினால் ஒரு சாரார் பகைப்பர். எதிரியை ஏசினாலோ எவரும் பகையார். ஆளைத் தூற்றும் அரசியல் அமைப்பைத் தொடுவதில்லை. ஆள் மாறுவான், சுமை அதே தோளில் இருக்கும்.

தமிழர் அரசியலில் இந்நோய்க்குத் தனிப்பெயரே உண்டு: 'துரோகி'. யாழ்ப்பாண மேயராயிருந்த அல்பிரட் துரையப்பா மேடைகளில் அச்சொல்லால் ஏசப்பட்டார். 1975 ஜூலை 27 இற் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் எத்தனை பேர்! ஒருவன் கொள்கை பிழையென்றால் அவனோடு வாதிடலாம். அவனே துரோகி என்றால் வாதிட என்ன இருக்கிறது? சொல் முடியுமிடத்தில் துவக்கு பேசத் தொடங்கியதை நாம் கண்டோம். 2024 இல் எம் மாவட்டத்து முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்றார். அவர் சார்ந்த தமிழரசுக் கட்சியோ சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. ஆழமாக ஆராயப்பட வேண்டிய கருத்து வேறுபாடு அது. ஆயினும் தேநீர்க் கடைகளில் என் காதில் அதிகம் விழுந்தது அந்தப் பழைய சொல்லே.

வாக்குச்சீட்டு மட்டும் நம்மைவிட அறிவுடையதாய் இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலில் மூவருக்கு விருப்பு வரிசை இடும் உரிமையைச் சட்டம் தந்துள்ளது. இரண்டாம் விருப்பு இடுபவன், தான் முதலில் தெரியாத ஒருவரிடமும் ஓரளவு நன்மை உண்டென ஏற்கிறான். 2024 இல்தான் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. முதலிரு இடங்களையும் பெறாத வேட்பாளர்களுக்கு 33 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்திருந்தனர். அச்சீட்டுகளிலிருந்து முதலிருவருக்கும் சேர்ந்த விருப்பு வாக்குகள் ஏறத்தாழ 2 இலட்சத்து 73 ஆயிரம் மட்டுமே. முறையை அறியாமை ஒரு காரணம். 'எம் ஆளைத் தவிர மற்றவரெல்லாம் கள்வர்' என மாதக்கணக்கிற் கேட்ட செவியும் ஒரு காரணமென்றே எண்ணுகிறேன்.

ஆசிரியராகிய நாமும் இதிற் பங்காளிகள். பாடசாலை விவாத மேடையில் எதிரணியின் வாயை அடைத்தவனுக்கே நான் பல ஆண்டுகளாகக் கூடிய புள்ளி இட்டு வந்தேன். எதிரணியின் கருத்தைத் திரிபின்றி எடுத்துரைத்தவனுக்கு ஒரு புள்ளியேனும் இட்டதாக நினைவில்லை. தொலைக்காட்சியிற் கூச்சலிடுவோர் அனைவரும் ஏதோவொரு பாடசாலையிற் கற்றவர்களே.

மாணவனுக்கு அன்று நான் கூறியது இதுதான்: "ஒரு கொப்பியில் நடுவே கோடிடு. வேட்பாளர் மற்றவரைப் பற்றிச் சொல்வதை இடப்பக்கம் எழுது. தாம் செய்யப்போவதை, எப்போது, எவர் பணத்தில் என்பதோடு வலப்பக்கம் எழுது." ஒரு வாரத்தின்பின் கொப்பியைக் கொண்டுவந்தான். வலப்பக்கம் பெரும்பாலும் வெறுமையாயிருந்தது. "இதுதான் சேர் நாங்க கேக்க வேண்டியது" என்றான். தேர்தலன்று வாக்களித்தான், எவருக்கென நான் கேட்கவில்லை.

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலின்போது தன் ஊர்க் கூட்டமொன்றில் அவன் எழுந்து, வெள்ளத்தில் அறுந்த வீதியை எப்போது கட்டுவீர்கள் எனக் கேட்டானாம். வேட்பாளர் முன்னைய சபையை ஏசத் தொடங்கினார். இவன் அமராது நின்று, அதே வினாவை மீண்டும் கேட்டானாம். இரண்டாம் முறை அவனோடு இன்னும் நால்வர் எழுந்து நின்றனராம்.