ஆங்கிலேயர் வராத தோட்டம்

1907-இல் பிரிட்டனும் ரஷ்யாவும் ஈரானைச் செல்வாக்கு மண்டலங்களாகப் பங்கு போட்டுக்கொண்டன. 1941-இல் பிரிட்டிஷ், சோவியத் படைகள் உள்ளே நுழைந்தன. மன்னர் ரேசா ஷா முடிதுறந்து நாட்டைவிட்டுப் போனார். 1953-இல் பிரதமர் மொசாதெக் கவிழ்க்கப்பட்டதில் பிரிட்டிஷ், அமெரிக்க உளவுத்துறைகளின் கை இருந்தது. இத்தனை பட்ட நாட்டில் ஒருவர், ‘எல்லாவற்றுக்கும் ஆங்கிலேயன்தான் காரணம்’ என்று புலம்பினால் அவரைப் பார்த்துச் சிரிக்க மனம் வருமா? ஈரானிய எழுத்தாளர் இராஜ் பெசெஷ்க்சாத் அதைத்தான் செய்தார். வெளியுறவுத் துறையில் வேலை பார்த்தவர் அவர். அந்நியத் தலையீடு பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

1973-இல் வெளிவந்த அவருடைய ‘என் மாமா நெப்போலியன்’ நாவல், இரண்டாம் உலகப் போர்க்காலத் தெஹ்ரானில் நடக்கிறது. ஒரே தோட்டத்தைச் சுற்றி ஒரு பெரிய குடும்பத்தின் வீடுகள். குடும்பத் தலைவரான மாமா, பணி ஓய்வு பெற்ற சிறு அதிகாரி. எப்போதோ கொள்ளையரோடு நடந்த கைகலப்பு, அவர் சொல்லச் சொல்ல, ஆங்கிலேயருக்கு எதிரான மாபெரும் போராக வளர்கிறது. பழிவாங்க ஆங்கிலேயர் தன்னைத் தேடி வருவார்கள் என்று அவரே நம்பத் தொடங்குகிறார். பக்கத்தில் குடியிருக்கும் இந்தியர்கூட அவர் கண்ணுக்கு ஒற்றர்தான்.

இந்தப் பைத்தியத்துக்கு நெய் வார்ப்பது ஆங்கிலேயன் இல்லை, கதைசொல்லும் சிறுவனின் அப்பா. குடும்பப் பெருமை பேசித் தன்னை மட்டம் தட்டிய மைத்துனரைப் பழிதீர்க்க, அவருடைய பயத்துக்கு ஆமாம் போட்டே அவரை அழிக்கிறார். நாவலில் என்னை மிகவும் கலங்கவைத்த இடம் இதுதான். ஒரு மனிதரின் மனம் சிதைவதை நாம் வயிறு வலிக்கச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் மாமா இறந்துபோகிறார். சிறுவன் உயிராய் நேசித்த மாமா மகள் லைலியை அவளுடைய சித்தப்பா மகனுக்குக் கட்டிவைக்கிறார்கள். மாமாவைப் பழிவாங்க ஒரு ஆங்கிலேயன்கூடத் தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் வாழ்வைக் குலைத்தது குடும்பத்தின் சாதிக்கர்வத்தைப் போன்ற குலப்பெருமையும், பெரியவர் சொல்லை மீறக்கூடாதென்ற அச்சமும். எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததால், வீட்டுக்குள் நடந்த அநியாயத்தைக் கேட்க ஆளில்லை.

பிறகு வேலைக்காரர் மஷ் காசிம். மாமாவின் கதைகளுக்குச் சாட்சி சொல்லியே காலம் கழித்தவர், பின்னாளில் நிலத்தின் விலை ஏறிப் பணக்காரராகி, அதே போர்க்கதைகளைத் தன் வீரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எசமானர் போனாலும் அவருடைய பொய்க்கு வாரிசு கிடைத்துவிட்டது.

பிரிட்டன் செய்தது எதையும் பெசெஷ்க்சாத் மன்னிக்கவில்லை. அடிபட்டது உண்மை, அந்த உண்மைக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்வதும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவருக்கு நகைச்சுவை தேவைப்பட்டது. கோபமாகச் சொல்லியிருந்தால் துரோகி என்று ஒதுக்கியிருப்பார்கள். சிரித்துவிட்டவரோ தன் வீட்டு மாமாவை அடையாளம் கண்டுகொண்டவர். அவரால் இனி மறுக்க முடியாது.

1976-இல் நாசர் தக்வாயி இதைத் தொலைக்காட்சித் தொடராக்கினார். 1979 புரட்சிக்குப் பிறகு நாவல் தடை செய்யப்பட்டது. ஆனாலும் கைமாறிக்கொண்டே இருந்தது. பெசெஷ்க்சாத் நாட்டைவிட்டு வெளியேறி, 2022 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். டிக் டேவிஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. தேடிப் படியுங்கள், வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.