இல்லை என்று சொல்லும் உரிமை

தரையில் குடம் இல்லை என்பது எனக்கு எப்படித் தெரிகிறது? குடம் காணப்படாததே அதன் இன்மையை அறிவிக்கும் தனி அளவை, அதாவது அறியும் வழி, என்றார் மீமாம்சகர் குமாரில பட்டர். அத்வைதிகளும் அதை ஏற்றார்கள். தனி அளவை எதற்கு, இன்மையையும் கண்ணே காண்கிறது என்றார்கள் நையாயிகர்கள். இரு தரப்பும் விடாமல் பிடித்துக்கொண்ட நிபந்தனை ஒன்று உண்டு. எனக்கு அதுதான் பெரிது. குடம் அங்கே இருந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இருட்டறையில் நின்றுகொண்டு ‘குடம் இல்லை’ என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது.

நான் லேப்டாப் சர்வீஸ் செய்கிறவன். கடையை அடைத்தபின் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவன். இந்த நிபந்தனை எனக்கு வகுப்பைவிடக் கடையில்தான் அதிகம் தேவைப்படுகிறது.

கல்வெட்டு ஆய்வு செய்யும் மாணவி ஒருத்தி வந்தாள். “எஸ்எஸ்டி போயிடுச்சு, போட்டோ எதுவும் கிடைக்காதுன்னு வேற கடையில சொல்லிட்டாங்க அண்ணா.” இன்டெல் 11-ஆம் தலைமுறை லேப்டாப். விண்டோஸ் 10 பென் டிரைவைச் செருகி நிறுவல் திரைக்குப் போனால், டிரைவ் எதுவும் இல்லை என்றது, பட்டியல் காலி. விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸில் பார்த்தேன். எஸ்எஸ்டியின் பெயரும் கொள்ளளவும் அங்கே தெளிவாக இருந்தன.

இந்த வகை மெஷின்களில் விஎம்டி என்ற கன்ட்ரோலர் முன்னால் நிற்கும். எஸ்எஸ்டி அதன் பின்னால் இருக்கும். விஎம்டியோடு பேசும் டிரைவர் விண்டோஸ் 10-இன் நிறுவல் கோப்புகளில் கிடையாது. அதனால் அந்தக் காலிப் பட்டியல் எஸ்எஸ்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பார்க்க வழியில்லை என்பதை மட்டும்தான் சொன்னது.

வழி என்றாலும் ஏதோ ஒரு டிரைவர் போதாது. ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் அடையாள எண் உண்டு: 8086 என்றால் இன்டெல், அதையடுத்து 9ஏ0பி என்றால் 11-ஆம் தலைமுறையின் விஎம்டி. 12-ஆம் தலைமுறையில் அதுவே 467எஃப். லேப்டாப் தயாரிப்பாளரின் பக்கத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்கி, பிரித்து, உள்ளே இருக்கும் ஐஎன்எஃப் கோப்பை நோட்பேடில் திறந்து அந்த எண்ணைத் தேடுவேன். எண் எழுதியிருந்தால்தான் பென் டிரைவில் ஏற்றுவேன். (அந்தக் கோப்புறையின் பெயரில் இன்னும் ‘எஃப்6’ இருக்கிறது, எக்ஸ்பி நிறுவும்போது எஃப்6 அழுத்தி ஃப்ளாப்பியில் டிரைவர் கொடுத்த காலத்தின் மிச்சம்.) ‘லோடு டிரைவர்’ கொடுத்ததும் அவளுடைய பார்ட்டிஷன்கள் வரிசையாக வந்தன. ‘நெக்ஸ்ட்’ அழுத்தவில்லை. முதலில் படங்களை வேறு டிஸ்க்குக்கு எடுத்தேன்.

அருணந்தி சிவாச்சாரியார் சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் அளவைகளைப் பத்தாகச் சொல்லி, காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். இன்மையை அறிவிக்கும் அபாவமும் அந்தப் பத்தில் ஒன்று. அடையாள எண்ணிலிருந்து கன்ட்ரோலரை அறிவது கருதல். தயாரிப்பாளரின் சொல்லை நம்பி டிரைவர் எடுப்பது உரை. இரண்டும் சரியாக அமைந்த பிறகுதான் காண்டல் வாய்த்தது.

முதலில் சொன்ன நிபந்தனையையே கடவுளுக்கும் பொருத்தி, ‘உன்னிடம் கருவியில்லை, அதனால்தான் இல்லை என்கிறாய்’ என்று வாதாடுகிறவர்கள் வகுப்பில் இருக்கிறார்கள். தினமும் திருநீறு பூசுகிற எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அந்த வாதம் ‘இல்லை’யைத் தடுக்கும், ‘உண்டு’ என்று நிறுவாது. எஸ்எஸ்டிக்குப் பயாஸ் சாட்சி இருந்தது. சரியான டிரைவர் கொடுத்து, வேறு மெஷினில் மாட்டிப் பார்த்து, அங்கேயும் தெரியவில்லை என்றால் டிஸ்க் போய்விட்டது என்று நானே சொல்லியாக வேண்டும். அதன்பிறகும் ‘இன்னும் சரியான டிரைவர் அமையவில்லை’ என்று இழுத்தால் அது ஏமாற்று.

உயிர் தானாகக் காணாது, சிவன் காட்டவே காணும் என்கிறது சித்தாந்தம். அதை நான் நம்புகிறேன். ஆனால் கடவுளைக் காணும் அந்தக் கருவி தேடி இறக்கிக்கொள்வதல்ல, தரப்படுவது. தரப்படாதவரைப் பார்த்து ‘நீ சரியாகத் தேடவில்லை’ என்று குற்றம் சொல்ல என் சமயமே எனக்கு இடம் தரவில்லை. கடவுள் இல்லை என்னும் என் நண்பர், “எது நடந்தால் நீ இல்லைன்னு ஒத்துக்குவே?” என்று கேட்கிறார். கடையில் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு. கோயிலிலும் ஒன்று இருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பது நியாயம்தான்.