யாரும் பார்க்காத வாட்டம்

குளியலறையில் பதிக்கும் டைல்ஸ் தண்ணீரைத் தடுப்பதில்லை. வீடு கட்டும் பலர் இதை நம்ப மறுப்பார்கள். பளபளவென்று, தொட்டால் கண்ணாடிபோல் இருக்கும் பொருளைத் தண்ணீர் என்ன செய்துவிடும் என்றுதான் தோன்றும். விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் சுவருக்குப் போடும் சாதாரண செராமிக் டைல்ஸின் உடல் பத்து சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சும். அதைவிட முக்கியம், இரண்டு டைல்ஸுக்கு நடுவில் நிரப்பும் சிமெண்ட் கிரவுட். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய உண்டு. தினமும் நாலு பேர் குளிக்கிற அறையில் அந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். வீட்டைக் காப்பது டைல்ஸ் அல்ல, அதற்கு அடியில் இருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சும், தண்ணீர் வழிந்தோடக் கொடுக்கும் சரிவான வாட்டமும்தான். டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு அவற்றை யாரும் பார்க்கப் போவதில்லை. அறவியலின் மிகப் பழைய கேள்வி ஒன்று இங்கே சிமெண்டும் மணலுமாக நம் முன்னால் கிடக்கிறது: எவர் கண்ணிலும் படாத வேலையை ஒருவர் ஏன் ஒழுங்காகச் செய்ய வேண்டும்?

வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால்தான் கேள்வியின் கனம் புரியும். நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் குளியலறைத் தளத்தை மற்ற அறைகளைவிட ஏறக்குறைய ஓர் அடி தாழ்த்தி கான்கிரீட் போடும் வழக்கம் உண்டு. குழாய்கள் அந்தப் பள்ளத்தில் ஓடும். முறைப்படி செய்கிறவர் முதலில் பள்ளத்தைத் துப்புரவாகக் கழுவி, விரிசல்களை அடைப்பார். சுவரும் தரையும் சேரும் மூலையைக் கலவையால் வளைத்துப் பூசுவார், கூர்மையான மூலையில்தான் பூச்சு முதலில் விரியும் என்பதால். பிறகு நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை. முதல் கை நெடுக்காகப் போனால் இரண்டாவது குறுக்காக. குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடங்களைத் தனியாகக் கவனிப்பார். எல்லாம் காய்ந்ததும் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் குறித்துவைத்துக் குறைந்தது 24 மணி நேரம் காத்திருப்பார். மட்டம் இறங்கவில்லை என்றால் பள்ளத்தின் அடியிலேயே ஒரு வாட்டம் கொடுத்து, கசிந்து வரும் நீர் வெளியேற ஒரு சிறு குழாய் வைப்பார். அதன்பின்தான் செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, மேலே கலவை பரப்பி, மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்ற கணக்கில் இன்னொரு வாட்டம். ஆக, ஒரே அறையில் இரண்டு வாட்டங்கள். மேல் வாட்டம் தவறினால் குளித்த தண்ணீர் கதவோரம் தேங்கும், வீட்டுக்காரர் அன்றே சத்தம் போடுவார். அடி வாட்டம் தவறினால் பல வருடங்களுக்கு ஒன்றுமே நடக்காது. ஜல்லிக்குள் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் கிளாக்கன் ஒரு மோதிரத்தின் கதையைச் சொல்கிறான். லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்குக் கிடைத்த அந்த மோதிரத்தைத் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அதை வைத்தே அவன் அரசனைக் கொன்று ஆட்சியைப் பிடித்துவிட்டான். பிடிபடமாட்டோம் என்று உறுதியாகத் தெரிந்தால் நல்லவனும் கெட்டவனும் ஒரே மாதிரிதான் நடப்பார்கள் என்பது கிளாக்கன் வைக்கும் வாதம். ஒவ்வொரு குளியலறையிலும் கொத்தனார் கையில் அந்த மோதிரம் இருக்கிறது. பழைய சட்டங்கள் இதற்கு இரண்டு விதமாகப் பதில் தேடின. கி.மு. 18ஆம் நூற்றாண்டின் ஹம்முராபி சட்டம், வீடு இடிந்து உரிமையாளர் செத்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை என்றது. அது நடந்து முடிந்ததற்கான கணக்குத் தீர்ப்பு. விவிலியத்தின் உபாகமம் 22ஆம் அதிகாரம் வேறு வழியில் போகிறது: புது வீடு கட்டினால் மாடியில் கைப்பிடிச்சுவர் கட்டு, யாராவது விழுந்து இரத்தப்பழி உன் வீட்டின்மேல் வராதபடி. இன்னும் யாரும் விழவில்லை, விழப்போகிறவர் யார் என்றும் தெரியாது, இருந்தும் கடமை இப்போதே தொடங்கிவிட்டது. இரண்டாவதுதான் ஆழமான சிந்தனை என்று நினைக்கிறேன். ஆனாலும் கைப்பிடிச்சுவரைத் தெருவில் போகிறவர் பார்க்கலாம், அடி வாட்டத்தைப் பார்க்க முடியாது.

பக்தியுள்ளவர் உடனே சொல்வார்: மனிதர் பார்க்காவிட்டால் என்ன, கடவுள் பார்க்கிறார். இந்தப் பதிலை மதிக்கிறேன், ஆனால் அது போதாது. பார்க்கிறவரை மாற்றுகிறதே தவிர, பார்ப்பதற்காகச் செய்வது என்ற அடிப்படையை அது மாற்றவில்லை. பெரியபுராணத்துப் பூசலார் கதையை இதற்குச் சான்றாகச் சொல்வதுண்டு. திருநின்றவூரில் மனத்துக்குள்ளேயே அவர் கட்டிய கோயிலுக்கு எழுந்தருள்வதற்காக, காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கும்படி இறைவனே கனவில் சொன்னான் என்பது கதை. எனக்கு அந்தக் கனவைவிட முக்கியமாகப்படுவது அதற்கு முந்தைய பகுதி. கனவில் கேட்ட அந்தக் கோயிலைத் தேடி அரசன் வந்து நிற்பான் என்று பூசலாருக்குத் தெரியாது. ஆனாலும் மனத்துக்குள் பொருள் தேடி, தச்சரைக் கூட்டி, நல்ல நாள் பார்த்து, அடிநிலை தொடங்கி ஒவ்வொன்றாக முறைப்படி எழுப்புகிறார். கற்பனையில்கூட அடிநிலையை அவர் தாண்டவில்லை. சாட்சி பிறகு வந்தது. சாட்சி வருவதற்கு முன்பே வேலை முழுமையாக இருந்தது.

அப்படியானால் கடமைக்கு அடிப்படை எது? என் பதில், பாதிக்கப்படப் போகிறவர். ஜல்லிக்குள் சேர்ந்த தண்ணீர் ஒருநாள் கான்கிரீட்டுக்குள் இறங்கும். கம்பி துருப்பிடிக்கும். துரு கம்பியைவிட அதிக இடம் கேட்பதால் கான்கிரீட் பெயர்ந்து விழும். கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் ஏறி, பூஞ்சை படரும். அந்தக் கீழ்வீட்டுக்காரர் இந்த வேலையின் ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. டைல்ஸ் நிறத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, கூலியைப் பேரம் பேசவில்லை. ஆனால் கலவையைப் பரப்புகிறவருக்கு அவர் அங்கே இருக்கிறார் என்பது தெரியும், தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்பதும் தெரியும். அந்த அறிவுதான் அவரைப் பொறுப்பாளியாக்குகிறது. டைல்ஸ் ஒட்டுவதிலும் இதே கதைதான். அமெரிக்கத் தர விதிப்படி ஈரமான இடங்களில் டைல்ஸின் அடிப்பரப்பில் 95 சதவீதமாவது பசை பிடித்திருக்க வேண்டும். உலர்ந்த இடத்துக்கு 80 போதும். பல் வைத்த கரண்டியால் பசையை ஒரே திசையில் இழுத்து, டைல்ஸ் முதுகிலும் மெல்லப் பூசி அழுத்தினால் அந்த அளவு வரும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டினாலும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். தட்டினால் மட்டும் ‘டொக்’ என்று சத்தம் வரும். அந்த வெற்றிடங்களில் தண்ணீர் தங்கும்.

இது அறமே இல்லை, வெறும் முன்யோசனை என்று ஒருவர் மறுக்கலாம்: கசிந்தால் பெயர் கெடும், சட்டம் பிடிக்கும், ஆகவே தன்னலமே போதும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் வெளிப்படும் வேலைக் குறைகளைக் கட்டியவரே சரிசெய்ய வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் தண்ணீருக்கு அவசரம் இல்லை. ஆறாம் ஆண்டில் கூரை நனைந்தால் என்ன செய்வது? சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டிக்கொள்ளும் வீடுகளை அந்தச் சட்டம் தொடுவதும் இல்லை. கசிவு தெரியும்போது கொத்தனார் வேறு ஊரில் இருப்பார், வீடுகூடக் கைமாறியிருக்கலாம். தன்னலம் எட்டும் தூரத்தைவிடத் தண்ணீர் எட்டும் தூரம் அதிகம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் மனிதரிடம், அளவில் வராத வேலையை அறத்தின் பெயரால் கேட்பது சுரண்டல் இல்லையா? ஆம், சுரண்டல்தான். இங்கே பொறுப்பு வீட்டுக்காரரிடம் தொடங்குகிறது, அதுவும் டைல்ஸ் கடையிலேயே. நாலடிக்கு இரண்டடி டைல்ஸ்தான் வேண்டும், இடைவெளியே தெரியக்கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்தால், நடுவில் வடிகால் உள்ள சின்ன அறையில் நாலு பக்கமும் வாட்டம் கொடுக்க முடியாது, ஏனென்றால் பெரிய டைல்ஸ் வளையாது. ஒன்று குறுக்கே வெட்ட வேண்டும், அல்லது வாட்டத்தைக் குறைக்க வேண்டும். வெட்டினால் அழகு போகும் என்பதால் குறைவது வாட்டம்தான். சின்ன டைல்ஸ் என்றால் வாட்டத்தோடு இணங்கிப் படியும், இணைப்புகள் அதிகம் என்பதால் காலும் வழுக்காது. பெரியதுதான் வேண்டுமென்றால் சுவரோரம் நீள வடிகால் வைத்து ஒரே பக்கமாக வாட்டம் கொடுக்கலாம். அதற்குச் செலவு கூடும். அடிப்பூச்சுக்கும் அடி வாட்டத்துக்கும் தனிக் கூலி பேச வேண்டும். தண்ணீர் கட்டிக் காத்திருக்கும் நாளுக்கும் கூலி உண்டு என்று முன்பே சொல்லிவிட்டால், மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே ஜல்லியைக் கொட்டி மூட வேண்டிய நெருக்கடி கொத்தனாருக்கு வராது.