பக்கத்தில் இருந்தது குற்றமா?



வீட்டுக் கணனி திடீரென நின்றுவிடுகிறது. திருத்துபவர் திறந்து பார்த்து, "புரோசெசர் போய்விட்டது" என்கிறார். கணனியின் மூளை என்று சொல்லப்படும் செயலி அது. அதன்மேல் பூட்டியிருந்த கூலர் மட்டும் உருக்குலையாமல் இருக்கிறது: செப்புக் குழாய்கள், அடுக்கடுக்கான அலுமினியத் தகடுகள், காற்றூட்டும் ஒரு சிறு விசிறி. புதிய செயலி வாங்கப்போகும் வீட்டுக்காரர் கேட்கிறார்: "இதை எறிவதா, வைத்துக்கொள்வதா?"

கேட்பதற்கு இது கடைத்தெருக் கேள்விதான். ஆனால் இதனுள்ளே நீதி பற்றிய பழைய வினா ஒன்று இருக்கிறது. ஒன்று அழிந்துபோனால், அதன் பக்கத்தில் இருந்ததும் குற்றவாளியா? தான் பணிசெய்த எசமான் போனபின் பணியாளனுக்கு மதிப்பே இல்லையா?

இதற்கு இரண்டு விதமாக விடை சொல்வார்கள். "செத்ததோடு கிடந்தது, அதையும் எறி" என்பார் ஒருவர். பனைமரத்தின் கீழிருந்து பால் குடித்தாலும் கள் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டல்லவா? மற்றவர் சிக்கனக்காரர். "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, பூட்டு" என்பார். ஒருவர் விசாரியாமல் தண்டிக்கிறார். மற்றவர் விசாரியாமல் விடுதலை செய்கிறார். இருவரும் செய்த பிழை ஒன்றே.

விசாரித்துப் பார்ப்போம். செயலியில் எழும் சூடு, இடையிலுள்ள பசை வழியாக உலோகத்துக்கு ஏறி, தகடுகளில் பரவி, விசிறிக் காற்றோடு வெளியேற வேண்டும். இந்த வழி அடைபட்டால் ஆபத்து. 2001ஆம் ஆண்டில் 'டொம்ஸ் ஹார்ட்வெயர்' செய்து காட்டிய ஒரு சோதனையில், கூலரை அகற்றியதும் அத்லோன் செயலி கருகிப் போனது. பென்டியம் 4 செயலியோ தன் வேகத்தைக் குறைத்துத் தப்பிக்கொண்டது. இன்றைய செயலிகள் 100 பாகை செல்சியசை அண்மித்ததும் வேகத்தைக் குறைத்து, அதுவும் போதாவிட்டால் தாமாகவே நின்றுவிடும். ஆகவே சூட்டினால் மட்டும் செயலி சாவது இன்று அரிது. மின்வழங்கியோ தாய்ப்பலகையோ பழுதாகியிருக்க, பழி செயலிமேல் விழுவதும் உண்டு. செத்தது எது என்று உறுதிசெய்யுமுன் கொன்றவனைத் தேடுவது முறையன்று.

அடுத்து கூலரின் முறை. செப்பும் அலுமினியமும் எளிதில் கெடுவதில்லை. ஆனால் அந்தக் குழாய்களுக்குள் சிறிதளவு திரவம் இருக்கிறது. குழாய் நசுங்கியிருந்தாலும் வெடித்திருந்தாலும் அது பயன்படாது. விசிறியை விரலால் சுழற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றினால் நல்லது, கரகரத்தால் மாற்றவேண்டும். பழைய பசையை மதுசாரத்தால் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது கட்டாயம். நீரால் குளிர்விக்கும் வகையானால் அதன் பம்பி தேயும், உள்ளேயுள்ள திரவமும் காலப்போக்கில் குறையும். ஆண்டுகள் பல சென்றதை நம்பவேண்டாம்.

நல்ல பொருளும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இன்ரெல் நிறுவனம் 2009 முதல் 2020 வரை வெளியிட்ட சாதாரண வீட்டுக் கணனிகளின் தாய்ப்பலகைகளில் கூலர் பூட்டும் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீற்றர். 2021இல் வந்த எல்ஜிஏ 1700 வகையில் அது 78. மூன்று மில்லிமீற்றர்தான், ஆனால் புதிய தாங்கி இல்லாமல் பூட்ட முடியாது. 65 வாற்றுச் செயலிக்கென்று அமைந்த சிறு கூலரை 125 வாற்றுச் செயலியின்மேல் ஏற்றுவதும் அதற்கு இழைக்கும் அநீதியே.

இனி, மனச்சாட்சிக்குரிய பகுதிக்கு வருவோம். நம் வீட்டில் பூட்டினால் நட்டம் நமக்கு. விற்றாலோ? "செத்த செயலியின்மேல் இருந்தது, இன்னின்ன சோதித்தேன்" என்று வாங்குபவரிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். விலை குறைவு என்பது உண்மையை மறைக்க அனுமதியாகாது. இனாமாகக் கொடுக்கும்போதும் இதே கடமை உண்டு. நம் கணனியில் பூட்டத் துணியாத ஒன்றை, அயலிலுள்ள ஏழை மாணவனுக்குத் தருமம் என்று கொடுப்போமானால், நாம் செய்தது தருமமன்று. நம் வீட்டுக் குப்பையை அவன் வீட்டுக்கு மாற்றினோம், அவ்வளவே.

அதற்காக எறிந்துவிடுவது சுத்தமான வழி என்றும் எண்ணவேண்டாம். ஐக்கிய நாடுகளின் அறிக்கைப்படி, 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 62 மில்லியன் தொன்; முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 வீதம் மட்டுமே. அதே 2022இல் நம் நாட்டில் ரூபாய் சரிந்து, இறக்குமதி தட்டுப்பட்டபோது, திருத்திப் பாவிப்பதன் அருமையை நாமும் உணர்ந்தோம். சோதனையில் தேறாத கூலரைக்கூடப் பழைய உலோகம் வாங்குபவரிடம் சேர்க்கலாம். தாதிலிருந்து அலுமினியம் எடுக்கச் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ 5 வீதமே பழைய அலுமினியத்தை உருக்கப் போதும். சாய்ந்த பனையிலும் சிலாகையும் ஓலையும் எடுத்தவர்களுக்கு இது புதிய பாடமன்று.

கடைசியாக ஒன்று. ஒரு கூலரைத் தீர்ப்பிடுமுன் அதைக் கையிலெடுத்து, சுழற்றி, துடைத்து, அளந்து பார்க்கிறோம். மனிதர் விடயத்தில் அப்படிச் செய்கிறோமா? ஒரு வீட்டில் ஒருவன் தவறினால், அவன் தம்பிக்கு வேலை கொடுக்கத் தயங்குகிறோம். தங்கைக்குக் கலியாணம் பேச வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். "அந்த வீட்டுப் பிள்ளைதானே" என்ற ஒரு சொல் போதுமானதாகிவிடுகிறது. பத்து நிமிடம் செலவிட்டு ஓர் இயந்திரத் துண்டுக்கு நியாயம் செய்யத் தெரிந்த நாம், அந்தப் பத்து நிமிடத்தை அந்தப் பிள்ளைக்கும் கொடுப்போமா? அடுத்த முறை அப்படி ஒரு சொல் நாவில் வரும்போது சற்று நின்று யோசிப்போம்.