மார்பில் அச்சடித்த வீரம்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்களுக்கு 14 கிலோமீட்டரும் முன்னால் நடப்பவரின் முதுகுதான் தரிசனம். வேட்டியும் சேலையும் சுடிதாருமாக நகரும் அந்தக் கூட்டத்தில் சில ஆண்டுகளாக வேறோர் உடை பெருகிவருகிறது. மிலிட்டரி கலர் பேண்ட், துப்பாக்கியோ மண்டை ஓடோ கர்ஜிக்கும் சிங்கமோ போட்ட டி-ஷர்ட், அதன் மேல் என்னிடம் மோதாதே என்கிற தோரணையில் ஒரு வாசகம். பின்னால் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரும் பெண்ணும், வெறுங்காலில் தாங்கித் தாங்கி நடக்கும் பெரியவரும் 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்று சொல்லிக்கொண்டே அந்த வாசகத்தைப் படித்தபடி வருகிறார்கள். அந்த மிரட்டல் யாருக்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அந்தப் பாதையில் அதைப் போட்டவனுக்கு எதிரி யாருமில்லை.

உடையை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்பது எனக்கும் தெரியும். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் மிலிட்டரி கலர் பேண்ட் போடுவது அழுக்குத் தெரியாது, சீக்கிரம் கிழியாது என்பதற்காக. விடியற்காலையில் சாலையோரம் ஓடிப் பழகும் பையன்களில் பலர் போலீஸ் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகிறவர்கள். அவர்கள் போட்டிருக்கும் ஆர்மி பனியன் ஓர் ஆசை. 2022இல் அக்னிபத் திட்டம் வந்த பிறகு, சேர்கிறவர்களில் 25 சதவீதம் பேர் வரைதான் நான்கு ஆண்டுக்குப் பின்னும் பணியில் நீடிக்க முடியும். அது தெரிந்தும் ஓடுகிறவனைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. நான் பேச வந்தது ஓடாமலே வீரத்தை வாங்கி மாட்டிக்கொள்கிறவனைப் பற்றி.

வட ஆற்காட்டு மண் பட்டாளத்துக்கு நிறைய ஆள் அனுப்பிய மண். வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் விழுந்துவிட்டது. எங்கள் சொந்தத்திலும் பட்டாளத்து மாமா ஒருவர் உண்டு. மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 'வீர மதராசி, அடி கொல்லு' என்று அந்த ரெஜிமெண்டுக்கே உரிய போர் முழக்கத்தைத் தொண்டை கிழியக் கத்தியவர், ஊரில் அரைக்கை வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகத்தான் நடமாடுவார். சீருடை டிரங்குப் பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. ஒருநாள் அவருடைய தங்கை மகன் கமாண்டோ படம் போட்ட பனியனோடு வந்து நின்றான். மாமா கோபப்படவில்லை. பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார்: "அந்த டிரஸ்ஸ மாட்டிக்கினா கூடவே ஒரு ஆர்டர் இருக்கும்டா. எங்க போவணும், எப்ப சுடணும், எப்ப சுடக் கூடாதுன்னு. ஒனக்கு யாருடா ஆர்டர் குடுத்தது?"

பையனிடம் பதில் இல்லை. எனக்கு அந்தக் கேள்வி பெரிய திறப்பாக இருந்தது. சீருடை ஒருவனைக் கட்டுப்படுத்தும் உடை. அதில் அவன் பெயர் ஒரு சின்னப் பட்டைக்குள் அடங்கிவிடும். மீதியெல்லாம் படைக்குச் சொந்தம். காட்டில் மறைவதற்காக உண்டாக்கிய அந்தப் பச்சையும் பழுப்பும் கடைத்தெருவுக்கு வரும்போது எல்லாரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்கிற ஆசைக்கு உதவுகிறது. கட்டுப்பாடு கழன்றுவிட்டது, மிடுக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ராணுவமும் இதைச் சொல்லிப் பார்த்தது. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்க வந்தவர்கள் ராணுவ உடையில் வந்தார்கள். அதன் பிறகு, பொதுமக்கள் அந்த மாதிரி உடை அணிய வேண்டாம், கடைக்காரர்கள் விற்க வேண்டாம் என்று ராணுவம் வேண்டுகோள் விடுத்தது. படைவீரன் என்று நம்பவைக்கும் எண்ணத்தோடு அந்த உடையை அணிந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆவது பிரிவில் மூன்று மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. பார்படோஸ், ஜமைக்கா போன்ற தீவு நாடுகளில் மிலிட்டரி கலர் துணியைப் பொதுமக்கள் அணிவதே குற்றம். நமக்கு அந்த அளவுக்குச் சட்டம் வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன்.

வீரத்தை எப்படிச் சொல்வது என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தனி நூலாகவே வெளியிட்டது. பல்லவர் காலத்துக் கற்கள் பல. ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். கல்லில் இருக்கும் செய்தி மிகச் சுருக்கமானது: எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் மாடுகளைக் கவர்ந்தபோது அல்லது மீட்டபோது விழுந்தான். புலி, சிங்கம் என்று ஓர் அடைமொழிகூடப் பெரும்பாலும் இருக்காது. எடுத்தனூர்க் கல்லில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கருந்தேவக்கத்தி நிற்கிறான், அருகில் அவன் நாய். கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்தது என்று அதன் பெயரோடு சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். நாயானாலும் செய்ததைச் செய்தது என்று எழுதினார்கள். எழுதியது ஊர், அதுவும் காரியம் முடிந்த பிறகு. சங்க காலத்து மறவர்கள்கூட ஆநிரை மீட்கப் போகும்போது கரந்தை சூடினார்கள், வென்ற பின்புதான் வாகை சூடினார்கள். வாகையை முதலிலேயே சூடிக்கொண்டவனை அந்த ஊர் என்ன சொல்லியிருக்கும்?

டி-ஷர்ட் வீரத்தில் எனக்கு மிகவும் வலிப்பது அது சாதியோடு கைகோத்துக்கொள்ளும் இடம். அரிவாளும் சிங்கமும் போட்டு 'ஆண்ட பரம்பரை' என்று எழுதிய பனியனைத் திருவிழாக்களில் பார்க்கிறோம். யாரை ஆண்ட பரம்பரை? பக்கத்துத் தெருவில் இருக்கிறவனைப் பார்த்துச் சொல்லும் சொல் அது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் வீடு புகுந்து வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. கயிற்றுக்குச் சொன்னது பனியனுக்கும் பொருந்தும்.

இப்போது சிவபெருமானையும் விட்டுவைக்கவில்லை. புடைத்த தசையும் சிவந்த கண்ணுமாகக் கொலைவெறியில் நிற்கும் சிவன் படத்தைப் போட்டுக்கொண்டு அதே சிவனின் மலையைச் சுற்றுகிறார்கள். நானே பெரியவன் என்று சண்டையிட்ட பிரம்மாவும் திருமாலும் அடிமுடி காணாமல் தோற்ற தலம் இது. கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலையில் தீபம் ஏறும் வேளையில் கோயிலுக்குள்ளிருந்து சில நிமிடங்களுக்கு மட்டும் வெளியே வருகிறவர் அர்த்தநாரீஸ்வரர். உடம்பில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்தவர். ஆண்மை என்றால் என்ன என்று கேட்பவனுக்கு இந்த ஊர் ஆண்டுதோறும் காட்டும் உருவம் அதுதான்.

இதே ஊரில் 1924 ஜூன் மாதம் ஓர் இரவு ரமணாசிரமத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். கோவணம் மட்டுமே உடையாகக் கொண்டிருந்த ரமணரைத் தடியால் தொடையில் அடித்தார்கள். இது போதாதென்றால் மறு காலிலும் அடியுங்கள் என்றார் அவர். திருப்பி அடிக்க எழுந்த அன்பர்களையும் தடுத்துவிட்டார். பயமில்லாத ஆள் எப்படி இருப்பான் என்று கேட்டால் எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வருகிறது.

வளர்ந்த பையன்களிடம் பேசிப் பார்க்கலாம், கேட்டாலும் கேட்பார்கள். ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு மிலிட்டரி டிரஸ் மாட்டி, கையில் பொம்மைத் துப்பாக்கியும் கொடுத்து போட்டோ எடுப்பது யார்? நாம்தான். வரும் தீபாவளிக்கு வீட்டுப் பிள்ளைக்குத் துணி எடுக்கும்போது துப்பாக்கியும் அரிவாளும் மண்டை ஓடும் போட்டதைக் கடைக்காரர் எடுத்துப் போட்டால், இது வேண்டாம், வேறு காட்டுங்கள் என்று பிள்ளையின் காதில் விழும்படி சொல்லுங்கள்.