உனக்கு யார் எழுதியது தீர்ப்பு?

"எனக்குக் கூச்சம்" என்கிறாய். "வயசாகிவிட்டது" என்கிறாய். "கைதூக்கிவிட ஆளில்லை" என்கிறாய்.

போதும், நிறுத்து! இன்னும் எத்தனை நாளைக்கு இந்தச் சாக்குப்போக்கு?

லூசில் பாலைத் தெரியுமா உனக்கு? அமெரிக்க வீடுகளையெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டி முன்னால் உட்காரவைத்துச் சிரிக்கவைத்தவர். 1911-ல் பிறந்தவர். மூன்று வயதிலேயே அப்பாவை டைபாய்டுக்குப் பறிகொடுத்தவர்.

பதினைந்து வயதில் நியூயார்க்கில் ஒரு நாடகப் பள்ளியில் சேர்ந்தார். கூச்சம் நாக்கைக் கட்டிப்போட்டது. இந்தப் பெண்ணுக்கு இந்தப் படிப்பு வீண் என்று வீட்டுக்கே எழுதிவிட்டது பள்ளி!

அந்தப் பிஞ்சு மனசு என்ன பாடுபட்டிருக்கும்? நீயாக இருந்தால் அன்றைக்கே ஆசையை மூட்டை கட்டியிருப்பாய்!

அவர் மறுபடியும் நியூயார்க்குக்கே போனார். மாடலாக வேலை பார்த்து வயிற்றைக் கழுவினார்.

1933-ல் ஹாலிவுட் போனார். கும்பலில் ஆடும் பெண்களில் ஒருத்தி. பிறகு ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் துண்டு துக்கடா வேடங்கள். படம் மேல் படம் நடித்தும் முதல் வரிசை எட்டவில்லை.

ஓராண்டா? ஈராண்டா? பதினெட்டு ஆண்டுகள்! நீ எத்தனை மாதம் தாக்குப்பிடித்தாய்?

தொலைக்காட்சி கூப்பிட்டது. திரையிலும் தன் கணவர் டெசி அர்னாஸே கணவராக வேண்டும் என்றார் லூசில். கியூபாக்காரரை மக்கள் ஏற்பார்களா என்று சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் தயங்கியது.

மூலையில் உட்கார்ந்து அழுதாரா? இல்லை! 1950-ல் இருவரும் ஊர் ஊராக மேடையேறினார்கள். மக்களின் சிரிப்பையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்!

1951 அக்டோபர் 15. இருவரும் நடித்த 'ஐ லவ் லூசி' தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அன்று அவருக்கு வயது 40. கேட்டாயா? நாற்பது!

அந்தத் தொடரில் வரும் சாக்லேட் காட்சியைப் பார். ஓடும் பட்டையில் சாக்லேட்டுகள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்ற வேண்டும். பட்டை வேகமெடுக்கிறது. கை ஈடுகொடுக்கவில்லை. வாயில் திணிக்கிறார். தொப்பிக்குள் ஒளிக்கிறார். சட்டைக்குள் கொட்டுகிறார். கன்னம் இரண்டும் உப்பி, விழி பிதுங்குகிறது!

சும்மா வந்த சிரிப்பா அது? ஒத்திகை! திரும்பத் திரும்ப ஒத்திகை! எதிரே ரசிகர்கள் நிறைந்த அரங்கம், சுற்றிலும் மூன்று கேமராக்கள். நடுவே நின்று நடித்தவர், கூச்சக்காரி என்று கழித்துக்கட்டப்பட்ட அதே பெண்!

1957-ல் என்ன நடந்தது தெரியுமா? துண்டு வேடம் போட்ட அதே ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவைத் தம்பதியரின் டெசிலு நிறுவனம் விலைக்கு வாங்கியது!

1960-ல் மணவாழ்க்கை முறிந்தது. அவர் முறிந்தாரா? 1962-ல் முன்னாள் கணவரின் பங்கையும் வாங்கி, தலைவராக அமர்ந்து டெசிலுவை நடத்தினார். 'ஸ்டார் டிரெக்' தொடர் பிறந்தது அந்த நிறுவனத்தில்தான்!

இப்போது சொல். உன் சாக்கு எங்கே?

பயம் தெளிந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கிறாயா? உட்கார்ந்தே இருந்தால் பயம் ஒருநாளும் தெளியாது. வேலையில் இறங்கு, பயம் உன் சொல்பேச்சு கேட்கும்!

உன்னை ஒதுக்குகிறவர்கள் ஒதுக்கட்டும். அவர்களோடு சேர்ந்துகொண்டு நீயும் உன்னை ஒதுக்காதே!

உன் தொழிலில் உன்னை நடுங்கவைக்கும் வேலை எது? அதை இன்று பத்து முறை செய். தப்பு வரும், வரட்டும். நாளை இருபது முறை செய்.

எழுந்திரு! இப்போதே தொடங்கு!